கையில் ஒட்டாத பெயிண்ட்

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். இரும்புலியூர் அப்துல் கஃபார் பாயை ஒரு நாள் கூட இருந்து பார்த்திருந்தால், அந்தப் பழமொழியைச் சொன்னவர் அதை வாபஸ் வாங்கிக்கொண்டு போயிருப்பார். பாயின் மடியில் ஒரு கனமும் கிடையாது. பொய்க் கணக்கு இல்லை, கோர்ட்டு வழக்கு இல்லை, யார் வாயிலும் விழுந்தது இல்லை. ஆனாலும் மனுஷன் பயந்துகொண்டே இருந்தார். கடை ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு, தெருமுனைவரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். மகள் ஜெய்னப் பள்ளிக்கூடம் போன காலத்தில், தாம்பரம் ஸ்டேஷனில் அவள் பாலத்தில் ஏறித்தான் போகிறாளா, தண்டவாளத்தைத் தாண்டிவிடுகிறாளா என்று தூண் மறைவில் நின்று பார்த்தவர் அவர். தெரிந்த பையன் எவனாவது சிரித்துவிட்டால், பால் வாங்க வந்ததாகச் சொல்வார்.

"இவருக்குப் பயப்பட ஒண்ணும் கிடைக்கலன்னு வெச்சுக்குங்க, ஏன் கிடைக்கலன்னு பயந்துப்பாரு" என்பாள் அவர் மனைவி ருக்ஸானா. வந்த விருந்தாளிகள் எல்லோருக்கும் இதைச் சொல்லியிருக்கிறாள். பாயும் கூடச் சேர்ந்து சிரிப்பார். சிரித்துக்கொண்டே, அடுப்பில் கேஸ் மூடியிருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார்.

ஜி.எஸ்.டி. ரோட்டோரம் அவருடைய பெயிண்ட் கடை. சும்மா சொல்லக்கூடாது, அந்த பயம்தான் கடையை வாழவைத்தது. புதுக் கம்பெனிக்காரன் எவன் வந்து என்ன பசப்பினாலும் பாய் மசிய மாட்டார். ஒரு செங்கல்லில் அந்தப் பெயிண்டை அடித்து மொட்டை மாடியில் போட்டுவிடுவார். கத்திரி வெயிலும் ஐப்பசி மழையும் அதன்மேல் போக வேண்டும். அப்புறம் போய் உள்ளங்கையால் அழுத்தித் தேய்ப்பார். கையில் மாவாக ஒட்டினால் அந்தச் சரக்கு கடைக்குள் வராது. ஒட்டவில்லை என்றால் வரும். பெருங்களத்தூரிலிருந்து பம்மல் வரை, "பாய் கடைப் பெயிண்டு கையில ஒட்டாது" என்று மேஸ்திரிகள் சொல்வார்கள். இருபது வருஷம் அந்தப் பேரைக் கெடுத்துக்கொள்ளாமல் வியாபாரம் செய்தவர்.

இப்படிப்பட்டவர் மகளைக் கடலோரத்தில் கொடுத்தாரே என்றால், அது ருக்ஸானா செய்த வேலை. கோவளத்துப் பையன் சாஜித். சொந்தப் படகு, பதவிசான பேச்சு, பீடி சிகரெட் கிடையாது. "கடலுக்குப் போற புள்ளைக்கு எப்படிடி குடுக்கிறது?" என்று பாய் தூக்கம் கெட்டுக் கிடந்தார். "ரோட்டுல போறவனுக்கு மட்டும் லாரி வராதா? தினமும் ஜி.எஸ்.டி. ரோட்டைப் பாத்துக்கினுதானே உக்காந்திருக்கீங்க?" என்று ருக்ஸானா ஒரே போடாகப் போட்டாள். கல்யாணம் நடந்தது. அடுத்த வருஷமே சுனாமி வந்தது.

அன்றைக்குக் கோவளத்தில் மகளைத் தேடி அலைந்ததைப் பாய் யாரிடமும் பேசியதில்லை. மேட்டில் ஒரு பள்ளிவாசல் வராந்தாவில், நனைந்த முக்காட்டோடு உட்கார்ந்திருந்த ஜெய்னப்பைக் கண்டுபிடித்து, அவள் தலையைத் தடவிக்கொண்டே வெகுநேரம் நின்றார். மாப்பிள்ளையும் பிழைத்துக்கொண்டார். படகுதான் போய்விட்டது. அதற்கப்புறம் மகள் வீட்டுக்குப் போனாலும் பாய் கடற்கரைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. உள்ளறையில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, சாப்பிட்டுவிட்டு, அங்கிருந்தே பஸ் ஏறிவிடுவார்.

ஒரு வருஷம் கழித்து சாஜித் புதிதாக ஒரு ஃபைபர் படகு வாங்கினார். முன்னதைவிடப் பெரியது. தினமும் மணலில் இழுத்துப் போடக் கட்டாது, கழிமுகத்தில் தண்ணீரிலேயே நிற்கும். மாமனாரைப் பார்க்க இரும்புலியூருக்கு வந்தவர், கடையில் அடுக்கிவைத்த டப்பாக்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மாமா, போட்டு அடிக்கு ஒரு பெயிண்டு வேணும். தண்ணியிலயே நின்னா கொட்டலசு பிடிச்சுக்கும்."

"கொட்டலசுன்னா?"

"சின்னச் சின்னச் சிப்பி மாமா. அடியில வந்து ஒட்டிக்கினா கல்லு மாதிரி கீது, கத்தி மாதிரி அறுக்கும். ஒண்ணு ஒட்டுச்சுன்னா ஊரையே கூட்டிக்கினு வரும். அப்புறம் போட்டு கனத்துப் போயிடும், இஞ்சின் திணறும். திடீர்னு காத்து கெளம்புச்சுன்னா கரைக்கு ஓடியார முடியாது." இதைச் சொன்னபிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது சாஜித்துக்கு உறைத்தது. "சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன் மாமா. அதுக்குன்னு பெயிண்டு கீது, அடிச்சா ஒட்டாது. எந்தப் பெயிண்டுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க. உங்களவிட யாருக்குத் தெரியும்?"

போதுமே! கரைக்கு ஓடி வர முடியாது என்ற ஒரு சொல் பாயின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. மகளின் வாழ்க்கை ஒரு டப்பா பெயிண்டில் இருக்கிறது, அந்த டப்பாவைத் தான் பொறுக்கி எடுக்க வேண்டும். அன்றிரவு அவர் சாப்பிட்ட சோற்றில் உப்பு இருந்ததா இல்லையா என்றே அவருக்குத் தெரியாது.

ராயபுரத்தில் துறைமுகத்துக்குச் சாமான் விற்கும் எலியேசர் அவருக்குப் பழக்கம். நேரில் போய் மூன்று பெயிண்ட் வாங்கிவந்தார். ஒன்று சிவப்பு, ஒன்று நீலம், ஒன்று கறுப்பு. "கப்பலுக்கெல்லாம் சிவப்புதான் பாய் போவுது. கெட்டியா நிக்கணும்னு கேக்கறவங்க இந்தக் கறுப்பையும் எடுக்கறாங்க" என்றார் எலியேசர். எந்தக் கப்பல், எத்தனை வருஷம், யார் பார்த்தது என்று பாய் குடைய ஆரம்பித்ததும், "ஐயோ பாய், நீங்களே அடிச்சுப் பாத்துக்குங்க, ஆளை விடுங்க" என்று கும்பிடு போட்டார். பாய்க்கும் அதுதான் வேண்டும். நாலு பேர் சொல்கிறார்கள் என்று எதையும் விற்றவர் அல்ல அவர்.

செங்கல் இதற்கு உதவாது. சாஜித்திடமே மூன்று ஃபைபர் துண்டு கேட்டு வாங்கினார். ஒவ்வொன்றிலும் ஒரு பெயிண்டை அடித்தார். காயவைத்து, ஓட்டை போட்டு, நைலான் கயிற்றில் கட்டி, இரும்புலியூர் ஏரியில் ஒரு கருங்கல் தூணோரம் இறக்கிவிட்டார். தண்ணீரில் நிற்கும் படகுக்குத் தண்ணீரில்தானே சோதனை? அதில் யாருக்கும் ஒரு குற்றமும் தோன்றவில்லை. விடியற்காலை பஜ்ர் தொழுகை முடிந்ததும் நேரே ஏரிக்கரைக்குப் போவார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றை இழுத்துப் பார்ப்பார், மறுபடி விடுவார். மாடு குளிப்பாட்ட வருகிறவர்கள், "இன்னா பாய், மீன் மாட்டிச்சா?" என்று கேட்பார்கள். "ஏரியிலேயே குடித்தனம் பண்ணிடுங்க, சோத்தை அங்கேயே குடுத்தனுப்பறேன்" என்றாள் ருக்ஸானா.

மாசி போய்ப் பங்குனியும் முடியப்போகிற சமயம், மூன்றையும் கரையேற்றினார். நீலம் மீன் செதிளாக உரிந்து கிடந்தது. அதைத் தூக்கி எறிந்தார். சிவப்பு மங்கி, ஒரு மாதிரி பாசி நிறம் ஏறி, பார்க்கவே சோகையாக இருந்தது. உள்ளங்கையை வைத்து அழுத்தித் தேய்த்தார். கையெல்லாம் சிவப்பு. சீ என்று ஆகிவிட்டது அவருக்கு. கப்பலுக்குப் போகிற பெயிண்டாம்! இரண்டு மாதத்தில் மாவாகக் கரைகிறது! கறுப்பைத் தேய்த்தார். கை சுத்தமாக இருந்தது. சேற்றைக் கழுவிவிட்டால் அவர் முகமே அதில் தெரிந்தது. மூன்றிலும் ஒரு சிப்பி, ஒரு கொட்டலசு கிடையாது. சிப்பி எதிலும் ஒட்டவில்லை, அப்படியானால் நிலைத்து நிற்பது எதுவோ அதுதான் நல்லது. அவர் புத்திக்கு எட்டியவரை கணக்கு சரியாகத்தான் இருந்தது.

"கறுப்பை அடிங்க மாப்ளே. நான் சொல்றேன், கண்ணை மூடிக்கிட்டு அடிங்க" என்றார் போனில். வாழ்நாளில் அவர் அவ்வளவு உறுதியாகப் பேசியது அன்றைக்கு மட்டும்தான்.

படகு கறுப்பு அடியோடு தண்ணீரில் இறங்கியது. அதற்கப்புறம் போனில் பேசும்போதெல்லாம் மகளிடம் பாய் கேட்கும் முதல் கேள்வி, "போட்டு அடி எப்படிம்மா இருக்கு?" என்பதுதான். சாப்பிட்டாயா என்பது அதற்கப்புறம்தான் வரும். "கண்ணாடி மாதிரி இருக்கு அத்தா. உங்க பெயிண்டாச்சே!" என்பாள் ஜெய்னப். அந்த ஒரு நாள் அவர் நிம்மதியாகத் தூங்குவார். மறுநாள் மறுபடி கேட்பார்.

ஐப்பசி பிறந்தது. வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு, மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று காலையிலிருந்தே டி.வி.யில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. மேற்குத் தாம்பரத்தில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்திருந்த எலியேசர், நனைந்த வேட்டியைப் பிழிந்துகொண்டே கடைக்குள் நுழைந்தார். பாய் டீ வரவழைத்தார். பேச்சுவாக்கில் எலியேசர் கேட்டார்.

"அந்த போட்டு மேட்டரு இன்னா ஆச்சு பாய்? சிவப்புதானே அடிச்சீங்க?"

"சிவப்பா? அதைப் பேசாதீங்க. கையெல்லாம் ஒட்டிக்கிச்சு. கறுப்புதான் அடிச்சோம். ரெண்டு மாசம் ஏரியில ஊறப் போட்டுப் பாத்துட்டுத்தான் சொன்னேன்."

எலியேசர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஏரியிலயா?"

"இதோ, நம்ம ஏரியிலதான்."

"பாய், அது நல்ல தண்ணியாச்சே. கொட்டலசு உப்புத் தண்ணியிலதானே உசிரோட கீது? நீங்க அங்க வெறும் தகரத்தைப் போட்டிருந்தாலும் ஒண்ணும் ஒட்டியிருக்காதே."

பாய் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எலியேசர் பாவம், நல்ல மனுஷன். விஷயத்தை விளக்குகிறோம் என்று நினைத்துக்கொண்டு மேலே சொன்னார். "அந்தச் சிவப்பு கையில ஒட்டத்தான் செய்யும் பாய். அதுல செம்பு கீது. கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு தண்ணியில எறங்கினாத்தான் ஒட்ட வர்றது சாவும். கரையாத பெயிண்டு கொட்டலசுக்கு வூடு கட்டிக் குடுக்கறா மாதிரி."

சுவருக்கு எது நோயோ, படகுக்கு அதுவே மருந்து என்று யார் கண்டது? பாய் போனை எடுத்து மகளுக்குப் போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மாப்பிள்ளைக்குப் போட்டார். அதுவும் அப்படியே. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இவருக்கோ வானமே இருண்டு கிடந்தது. கடையை அப்படியே திறந்து போட்டுவிட்டு, எலியேசரைக் கல்லாவில் உட்காரவைத்துவிட்டு, குடைகூட எடுக்காமல் தாம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். பூட்டை இழுத்துப் பார்க்கிற மனுஷன், அன்றைக்குப் பூட்டவே இல்லை.

வண்டலூர் திரும்பிக் கேளம்பாக்கம் வழியாகப் போகிற பஸ். ஜன்னல் ஷட்டரெல்லாம் இறக்கிவிட்டிருந்தார்கள். பாய் மட்டும் தன் பக்கத்து ஷட்டரைத் தூக்கி வைத்துக்கொண்டு, முகத்தில் மழை அடிக்க, காற்று எவ்வளவு பலமாக அடிக்கிறது என்று மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். பின் சீட்டுக்காரர் திட்டியது அவர் காதில் ஏறவில்லை. யா அல்லாஹ், அந்தப் புள்ள இன்னிக்குக் கடலுக்குப் போகாம இருக்கணும். போயிருந்தா, ஓடியார முடியணும். கனத்துப்போன படகும், திணறுகிற இன்ஜினும், அதற்குப் பின்னால் எழும்புகிற அலையும் அவர் கண்ணுக்குள்ளேயே நின்றன. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் யாராவது ஏறினால், டிரைவர் நின்று நிதானித்து அவர்களை ஏற்றினால், பாய்க்கு அழுகையே வந்தது. நானே கொன்னுட்டேன், நானே கொன்னுட்டேன் என்று உதடு முணுமுணுத்தது. பக்கத்து ஆள் இவரைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

கோவளத்தில் மகள் வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு சரோஜினி வாசலில் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டிருந்தாள். "ஜெய்னப்பா? எல்லாரும் கழிமுகத்தாண்ட கீறாங்க, போங்க" என்றாள்.

எல்லோரும் ஏன் அங்கே கூடியிருக்க வேண்டும்? பாய் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை. இரண்டு வருஷமாகப் போகாத கடற்கரையை நோக்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் ஓடினார்.

கழிமுகத்தில் ஆட்கள் படகுகளைக் கரையில் இழுத்துப் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பாய் கறுப்பு அடியைத் தேடினார். வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனார். கறுப்பு அடி எங்கேயும் இல்லை. அங்கேயே உட்கார்ந்துவிட இருந்தார். அப்போதுதான், "அத்தா!" என்று குரல் கேட்டது. தென்னைமரத்தோடு கயிறு கட்டிக்கொண்டிருந்த பெண் ஜெய்னப். கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தது சாஜித். முழுசாக, கையும் காலுமாக, மழையில் நனைந்த கோழியாக நின்றார் மாப்பிள்ளை.

பாய் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "கடலுக்குப் போகலையா மாப்ளே? அல்ஹம்துலில்லாஹ்! போகலையா?"

"டி.வி.யில சொல்லிக்கினே கீறான், எவன் மாமா போவான்? நீங்க இன்னாத்துக்கு இந்த மழையில..."

"பெயிண்டு தப்பு மாப்ளே! நான் ஏரியில போட்டுப் பாத்துட்டேன். அந்தக் கறுப்பு ஒண்ணுத்துக்கும் ஆகாது. சுரண்டி எடுத்துடுங்க, இன்னைக்கே..." சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். பக்கவாட்டில் சாய்த்துப் போட்டிருந்த மாப்பிள்ளை படகின் அடி அப்போதுதான் கண்ணில் பட்டது. அது சிவப்பாக இருந்தது. மங்கிய, பாசி ஏறிய, அதே சோகைச் சிவப்பு. போய்க் கையை வைத்தார். உள்ளங்கையில் ஒட்டியது.

சாஜித் ஜெய்னப்பைப் பார்த்தார். ஜெய்னப் மணலைப் பார்த்தாள்.

"எப்ப மாத்துனீங்க?"

"ஆடி கழிச்சு மாமா" என்றார் சாஜித்.

"கண்ணாடி மாதிரி இருக்குன்னு நேத்துகூடச் சொன்னியேம்மா?"

ஆடி மாசத்தில் திடீரென்று ஒரு பெயிண்டை ஏன் மாற்ற வேண்டும்? பயந்தவன் புத்தி இதில் மட்டும் மின்னலாக ஓடும். "ஆடியில என்ன நடந்துச்சு?" என்றார் பாய்.

சாஜித்தான் சொன்னார், மெதுவாக. அடியெல்லாம் கொட்டலசு மண்டிப்போயிருந்தது. ஆடிக் காற்று கிளம்பியதும் மற்றப் படகெல்லாம் ஓடி வந்துவிட்டன. இவர் படகு ஊர்ந்தது. நடுவழியில் இன்ஜின் சூடேறி நின்றுவிட்டது. ராத்திரி முழுக்க அலையில் கிடந்தார், கூட வந்தவனும் இவரும் மாறி மாறித் தண்ணீரை இறைத்தபடி. விடிந்தபிறகு செம்மஞ்சேரிப் பக்கத்துப் படகுக்காரர்கள் பார்த்துக் கயிறு போட்டு இழுத்து வந்தார்கள்.

பஸ்ஸில் வரும்போது பாய் கண்ட அத்தனையும் நடந்திருந்தது. மூன்று மாதம் முந்தியே நடந்து முடிந்திருந்தது.

"உங்கம்மாவுக்கு?" என்று கேட்டார் மகளிடம்.

"தெரியும். அன்னிக்கு ராத்திரியே போன் பண்ணிட்டேன்."

அந்த ராத்திரி ருக்ஸானா அவர் பக்கத்தில்தான் படுத்திருந்தாள். காலையில் எழுந்து டீ போட்டுக் கொடுத்திருப்பாள். இவரும் குடித்திருப்பார். பாய்க்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. "எனக்கு ஏன் சொல்லலை? ஊருக்கே தெரியும், உங்கம்மாவுக்குத் தெரியும், பெத்த தகப்பன் எனக்குத் தெரியக்கூடாதா? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

ஜெய்னப்புக்கும் அன்றைக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. பாயிடம் ஒரு நாளும் குரல் உயர்த்தாத பெண்.

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க அத்தா? அவரு வருவாரா மாட்டாரான்னு நான் இங்க உக்காந்திருந்தேன். நீங்க வந்திருந்தா, நான் அவருக்காக அழுவேனா, உங்களைத் தேத்துவேனா? எனக்கு அன்னிக்கு அதுக்குத் தெம்பு இல்ல அத்தா."

காற்று அவள் முக்காட்டைப் பிடுங்கியது. சாஜித் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார்.

தூண் மறைவில் நின்று பார்த்ததும், பூட்டை இழுத்துப் பார்த்ததும், அடி எப்படி இருக்கு என்று தினமும் கேட்டதும் பாசம் என்றே பாய் நினைத்திருந்தார். பாசம்தான், யார் இல்லை என்றார்கள்? அந்தப் பாசத்தைத் தூக்கிச் சுமந்தது இந்தப் பிள்ளை என்பதுதான் அவருக்குத் தெரியாமல் போயிற்று. அவள் வாழ்க்கையிலேயே பெரிய ராத்திரி அவர் இல்லாமல் கழிந்துவிட்டது. அவர் வரக்கூடாது என்றே கழிந்துவிட்டது.

மழை விட்டு விட்டுப் பெய்தது. பாய் படகின் மறைவில், ஈர மணலில் போய் உட்கார்ந்தார். பக்கத்து இடத்தைத் தட்டினார்.

"உக்காரு. அன்னிக்கு ராத்திரி என்ன ஆச்சுன்னு சொல்லு. நீ எங்க உக்காந்திருந்தே, யார் கூட இருந்தா, எல்லாம் சொல்லு. நான் கேக்கிறேன்."

"வேணாம் அத்தா. உங்களால தாங்க முடியாது."

"முடியலன்னா அது என் பாடு. சொல்லும்மா."

ஜெய்னப் உட்கார்ந்தாள். முதலில் சுருக்கமாகச் சொல்லத்தான் பார்த்தாள். சாயங்காலம் மற்றப் படகெல்லாம் வந்தது, இருட்டியது, டார்ச் அடித்துக்கொண்டு சிலர் நின்றது. அப்புறம் பேச்சு தானாக நீண்டது. பாய் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அய்யோ என்று சொல்லவில்லை, அல்லாஹ்வே என்று சொல்லவில்லை, அப்புறம் என்ன ஆச்சு என்று அவசரப்படுத்தவில்லை. கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார். விடிகிற நேரத்தில் படகு ஒன்று தெரிந்ததும், அது யாருடையது என்று அடையாளம் தெரியாமல் நின்றதைச் சொல்லும்போது ஜெய்னப்பின் குரல் உடைந்தது. அன்றைக்கு அழாத அழுகை. அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதாள்.

பாய் அவளை அழாதே என்று சொல்லவில்லை. அவள் அழுது முடிக்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார்.